ஓடிபி வந்தால்தான் ஊசி

இப்போதெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினால் "ஆப் டவுன்லோட் பண்ணி அதுல புக் பண்ணுங்க" என்கிறார்கள். ரத்தப் பரிசோதனை முடிவும் ஆப்பில், ரசீதும் ஆப்பில். வகுப்பில் இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது, "இதுல என்னடா தப்பு, வரிசையில நிக்கிற வேலை மிச்சம்தானே" என்றான் ஒருவன். அவன் சொல்வதும் நியாயம்தான். ஆனால் "ஆப் இருந்தால் வசதி" என்பதற்கும் "ஆப் இல்லாவிட்டால் வைத்தியம் இல்லை" என்பதற்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறது. அந்தக் கோட்டை நம் நாடு ஒரு தடவை அரசு உத்தரவாகவே தாண்டியது. 2021 மே மாதம் மூன்று வாரத்துக்கும் மேல், 18 முதல் 44 வயது வரையிலான எவரும் இணையத்தில் முன்பதிவு செய்யாமல் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொள்ள முடியாது என்று இருந்தது. பலருக்கு இது இப்போதே மறந்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் பின்னால் போவோம்.

பெரியம்மையை ஒழித்த கதை பலருக்குத் தெரியும். 1970-களில் சுகாதாரப் பணியாளர்கள் ஊர் ஊராக, வீடு வீடாகப் போய்த் தேடினார்கள். கையில் ஒரு அட்டை இருக்கும். அதில் அம்மை போட்ட குழந்தையின் படம். எழுதப் படிக்கத் தெரியாதவரிடமும் படத்தைக் காட்டி, "இந்த மாதிரி யாரையாவது பார்த்தீங்களா?" என்று கேட்டுவிடலாம். தகவல் சொல்பவருக்குப் பரிசுப் பணமும் உண்டு. அது கடைசியில் ஆயிரம் ரூபாய் வரை உயர்ந்தது. அந்தக் காலத்து ஆயிரம் ரூபாய்! இந்தியாவின் கடைசி நோயாளி 1975 மே மாதம் அசாமில் கரீம்கஞ்ச் ரயில் நிலையத்தில் கண்டுபிடிக்கப்பட்டார். 1977-ல் நாடு பெரியம்மையிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது.

போலியோ அதற்கும் மேல். 1995-ல் பல்ஸ் போலியோ தொடங்கியபோது மையம் வைத்து, வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். வராத குழந்தைகள் நிறைய. அதனால் பிறகு வீட்டுக்கே போனார்கள். சொட்டு மருந்து கொடுத்த குழந்தையின் இடது கை சுண்டுவிரலில் மை. வீட்டுச் சுவரில் சாக்பீஸால் ஒரு குறி: எல்லாக் குழந்தைகளுக்கும் கொடுத்தாயிற்று என்றால் ஒரு எழுத்து, யாராவது விட்டுப்போயிருந்தால் இன்னொன்று. விட்டுப்போன வீட்டுக்கு மறுபடி வருவார்கள். பேருந்து நிலையத்திலும் ரயிலிலும் தனிக் குழுக்கள் நின்றன. 2011 ஜனவரியில் ஹவுராவில் கடைசி நோயாளி. 2014 மார்ச்சில் சான்றிதழ்.

இந்த இரண்டு கதையிலும் கவனிக்க வேண்டியது, நடந்தது யார் என்பதுதான். அரசாங்கம் நடந்தது. நோயாளி வீட்டிலேயே இருந்தார். பதிவேடு பணியாளர் கையில் இருந்தது. அதை நிரப்புவது அவர் வேலை, நம் வேலை அல்ல.

இனி கோவின். இதன் பூர்வீகம் சுவாரஸ்யமானது. 2015-ல் 'ஈவின்' என்று ஒரு மென்பொருள் வந்தது. ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் துணையோடு செய்தது. எந்தக் குளிர்பதனக் கிடங்கில் எத்தனை தடுப்பூசிப் புட்டி இருக்கிறது என்பதைக் கிடங்குப் பணியாளர் செல்பேசியில் ஏற்றுவார்; குளிர்சாதனப் பெட்டியின் வெப்பநிலையை ஒரு கருவி தானாகவே பதிந்து அனுப்பும். சரக்குக் கணக்கு, அவ்வளவுதான். நல்ல வேலை செய்தது. கொரோனா வந்தபோது இதன் மேல் கட்டியதுதான் கோவின். புட்டிகளை எண்ணப் பிறந்த குடும்பம், மனிதர்களை வரிசைப்படுத்தும் வேலைக்கு மாற்றப்பட்டது.

2021 ஜனவரி 16-ல் சுகாதாரப் பணியாளர்களுக்கு ஊசி தொடங்கியபோது பிரச்சினை இல்லை. அவர்கள் பெயரை நிறுவனங்களே மொத்தமாக ஏற்றிவிட்டன. மார்ச் 1-ல் 60 வயதைத் தாண்டியவர்களுக்கும், நாள்பட்ட நோயுள்ள 45 வயதுக்காரர்களுக்கும் திறந்தார்கள். அன்றைக்கு ஒரு கூத்து நடந்தது. ஜனங்கள் பிளே ஸ்டோரில் போய் கோவின் ஆப்பை இறக்கிவிட்டு, உள்ளே நுழைய முடியாமல் தவித்தார்கள். கடைசியில் சுகாதார அமைச்சகம் ட்விட்டரில் விளக்கம் சொன்னது: அந்த ஆப் அதிகாரிகளுக்கானது, பொதுமக்கள் இணையதளத்துக்கு வாருங்கள் என்று. ட்விட்டரில் இல்லாத தாத்தா பாட்டிகளுக்கு அது எப்படிப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று கேட்காதீர்கள் :-)

ஆனால் அப்போது ஒரு மாற்று வழி இருந்தது. ஆதாரையோ வேறு அடையாள அட்டையையோ எடுத்துக்கொண்டு நேரே மையத்துக்குப் போகலாம். அங்கேயே பதிந்து ஊசி போடுவார்கள். ஏப்ரல் 1 முதல் 45 வயதைத் தாண்டிய எல்லாருக்கும் இதே ஏற்பாடு.

மே 1-ல் இந்த வழி மூடப்பட்டது. 18 முதல் 44 வயதுக்காரர்கள் இணையத்தில் பதிந்து, நேரம் ஒதுக்கிக்கொண்டுதான் வர வேண்டும். காரணம் சொன்னார்கள்: எல்லாரும் ஒரே நாளில் மையத்துக்கு வந்தால் கூட்டம் கூடும், கூட்டத்தில் நோய் பரவும். இரண்டாவது அலை உச்சத்தில் இருந்த நாட்கள் அவை. இந்தக் காரணத்தைச் சும்மா தள்ளிவிட முடியாது. ஊசியும் போதுமான அளவு இல்லை. அந்த வயதினருக்கான மருந்தை மாநிலங்களும் தனியார் மருத்துவமனைகளும் தாங்களே வாங்கிக்கொள்ள வேண்டும் என்று வேறு ஆகியிருந்தது. தமிழ்நாட்டில் அந்த வயதினருக்கு ஊசி போடும் திட்டம் மே 20-ல்தான், திருப்பூரில், தொடங்கியது. ஆக, பற்றாக்குறைக்குக் கோவின் காரணமல்ல. பற்றாக்குறையில் யாருக்கு முதலில் கிடைக்கும் என்பதைத்தான் அது தீர்மானித்தது.

எப்படித் தீர்மானித்தது? ஏப்ரல் 28 மாலை 4 மணிக்குப் பதிவு திறந்தது. அன்று ஒரே நாளில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் பதிந்தார்கள். பதிந்தால் போதாது; பிறகு தினமும் உட்கார்ந்து பின்கோடு போட்டு இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எனக்கு அப்போது ஊசி போடும் வயது வரவில்லை. ஆனால் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் எல்லாருக்கும் பதிந்து கொடுத்தது நான்தான். ஒரு எண்ணில் நான்கு பேர் பதியலாம். பச்சை நிறத்தில் எண் தெரியும், தொட்டால் போயிருக்கும். ஓடிபி வருவதற்குள் போய்விடும். கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் தளம் நம்மை வெளியே தள்ளிவிடும், மறுபடி ஓடிபி. எங்கள் தெருவில் இஸ்திரி போடும் அண்ணன் பட்டன் போன் வைத்திருந்தார். "தம்பி, என் பேரையும் போட்டு வையேன்" என்றார். போட்டேன். இடம் கிடைத்தது பதினைந்து கிலோமீட்டர் தள்ளி ஒரு மையத்தில். ஊரடங்கில் பேருந்து ஓடாத சமயம். அவர் போகவில்லை.

இதே நேரத்தில் இன்னொரு பக்கம் நடந்ததையும் பாருங்கள். கோவின் தகவலை நிரல் வழியாக யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று அரசு திறந்து வைத்திருந்தது. நல்ல எண்ணம்தான். உடனே மென்பொருள் தெரிந்தவர்கள், எங்கே இடம் திறந்தாலும் டெலிகிராமில் மணி அடிக்கும்படி கருவிகள் செய்தார்கள். சென்னையைச் சேர்ந்த ஒருவர் செய்த தளம் நாடு முழுக்கப் பிரபலம். இவர்கள் காசு வாங்கவில்லை, உதவிதான் செய்தார்கள். ஆனால் அந்த உதவி யாருக்குப் போகும்? டெலிகிராம் இருப்பவருக்கு. நகரத்து இளைஞர்கள் காரை எடுத்துக்கொண்டு கிராமத்து மையங்களுக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தார்கள். அந்தக் கிராமத்துக்காரர் தன் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். மே முதல் வாரத்தில் பொதுவில் கிடைக்கும் தகவலை அரை மணி நேரம் வரை பழையதாக்கினார்கள், கேப்ட்சா வைத்தார்கள், நான்கு இலக்கப் பாதுகாப்பு எண் கொண்டுவந்தார்கள். ஒவ்வொன்றும் தேவையான பூட்டுதான். ஆனால் பூட்டு கூடக்கூட, படிக்கத் தெரியாதவருக்கு வாசல் இன்னும் தூரமாகப் போனது.

இத்தனையும் ஆங்கிலத்தில். ஜூன் தொடக்கத்தில் இந்தியும் மற்ற மொழிகளும் சேர்த்தார்கள். மலையாளம், தெலுங்கு, கன்னடம் எல்லாம் இருந்தன. தமிழ் இல்லை! சத்தம் கிளம்பிய பிறகுதான் தமிழும் வந்தது.

விஷயம் உச்ச நீதிமன்றத்தில் இருந்தது. கொரோனா காலத்து மருந்து, ஆக்சிஜன் விநியோகம் பற்றி நீதிமன்றம் தானாக எடுத்துக்கொண்ட வழக்கு. நீதிபதிகள் சந்திரசூட், நாகேஸ்வர ராவ், ரவீந்திர பட் அமர்வு. 2021 மே 31 தேதியிட்ட உத்தரவை முடிந்தால் தேடிப் படியுங்கள். சட்ட மாணவர்கள் மட்டும் படிக்க வேண்டியதல்ல அது. இணையம் இல்லாதவர்கள் நண்பர்கள், தொண்டு நிறுவனங்கள், பொது சேவை மையங்கள் மூலம் பதியலாம் என்று மத்திய அரசு சொல்லியிருந்தது. நீதிமன்றம் புள்ளிவிவரத்தை எடுத்து வைத்தது. 2017-18 தேசிய மாதிரி ஆய்வின்படி கணினி இருந்தது கிராமத்து வீடுகளில் 4 சதவீதம், நகரத்து வீடுகளில் 23 சதவீதம். இணைய வசதி கிராமத்தில் 15 சதவீதம், நகரத்தில் 42. பொது சேவை மையமே இல்லாத ஊராட்சிகள் 12 ஆயிரத்துக்கு மேல். இணையம் நன்றாகத் தெரிந்தவர்களுக்கே இடம் கிடைக்காதபோது, பெரும்பான்மை ஜனங்களை அடுத்தவர் தயவில் விடுவது நடக்கிற காரியமா என்று கேட்டது. சேவை மையத்தில் கூட்டம் சேராதா என்றும் கேட்டது. கூட்டத்தைத் தவிர்க்கத்தானே இந்த ஏற்பாடே! பார்வையற்றவர்களுக்குத் தளம் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்பதையும் உத்தரவு விடவில்லை.

இதற்கு ஒரு வாரம் முன்பே, மே 24-ல், அரசு மையங்களில் மட்டும் 18 வயதுக்காரர்களும் நேரில் பதியலாம் என்று தளர்த்தியிருந்தார்கள். ஜூன் 21-ல் புதிய கொள்கை வந்தபோது தனியார் மையங்களிலும் கதவு திறந்தது.

ஜூன் நடுவில் மத்திய அரசு ஒரு கணக்கு வெளியிட்டது. அதுவரை பதிந்த 28.36 கோடிப் பேரில் 16.45 கோடிப் பேர், அதாவது 58 சதவீதம், மையத்தில் நேரில் பதிந்தவர்கள். போட்ட ஊசிகளில் ஏறக்குறைய 80 சதவீதம் முன்பதிவில்லாமல் வந்தவர்களுக்குப் போட்டது. 'இணையப் பதிவு தடையாக இல்லை' என்பதற்கு ஆதாரமாக இதைச் சொன்னார்கள். எனக்கு இது எதிர்த்தரப்புச் சாட்சி மாதிரிதான் படுகிறது. இந்தக் கணக்கில் பெரும்பகுதி, நேரில் வரும் வழி மூடப்படாத 45 வயதுக்கு மேற்பட்டவர்கள். வழி இருந்த இடத்தில் ஐந்தில் நான்கு ஊசி அந்த வழியாகவே போயிருக்கிறது என்றால், வழி இல்லாத இடத்தில் எத்தனை பேர் வீட்டிலேயே இருந்திருப்பார்கள்?

கோவினைத் திட்டுவது மட்டும் என் நோக்கமில்லை. 2022 ஜூலையில் 200 கோடி ஊசி தாண்டியது. அத்தனையையும் ஒரே பதிவேட்டில் வைத்திருந்தது சாதாரண வேலையல்ல. முதல் ஊசி ஒரு ஊரில், இரண்டாவது வேறு ஊரில் என்று போட்டுக்கொண்ட தொழிலாளிக்கு அது உண்மையிலேயே உதவியது. பதிவேடாக அது அருமை. வாசல் காவலாளியாக வைத்தபோதுதான் வம்பு.

2021 செப்டம்பர் 12-ல் தமிழ்நாட்டில் மெகா முகாம் நடத்தினார்கள். இலக்கு 20 லட்சம், போட்டது 28 லட்சத்துக்கு மேல், ஒரே நாளில். பள்ளிக்கூடம், பேருந்து நிலையம் என்று 40 ஆயிரம் இடங்கள். பிறகு ஞாயிறு முகாம்களுக்குக் கூட்டம் குறைந்தது. என்ன காரணம் என்று பார்த்தால், ஊசி போட்டால் கறி சாப்பிடக் கூடாது, தண்ணி அடிக்கக் கூடாது என்ற நம்பிக்கை! முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். எந்த மென்பொருளும் இதைக் கண்டுபிடித்திருக்காது. தெருவில் நின்றவர்தான் கண்டுபிடித்திருக்க முடியும். நவம்பரில் மத்திய அரசும் வீட்டுக்கு வீடு கதவைத் தட்டும் இயக்கத்தை அறிவித்தது. முதல் தவணையே பாதிப் பேருக்குக்கூடப் போய்ச் சேராத மாவட்டங்கள்தான் முதல் குறி. பெரியம்மைக் காலத்துக்கே திரும்பி வந்தாயிற்று.

அந்தச் செல்பேசி எண்கள் என்ன ஆயின? 2023 ஜூனில் டெலிகிராமில் ஒரு தானியங்கிக் கணக்கு, எண்ணைப் போட்டால் ஊசி போட்டவரின் விவரத்தைக் கக்கியது. கோவின் தரவுத்தளத்துக்குள் அது நேரடியாக நுழைந்ததாகத் தெரியவில்லை என்று அரசு சொன்னது, கைதும் நடந்தது. இது தவிர, ஆதார் கொடுத்துப் பதிந்த பலருடைய சான்றிதழில் புதிதாக ஒரு சுகாதார அடையாள எண் அச்சாகி வந்தது. கேட்டு வாங்கிய எண் அல்ல. இப்போது அதற்கு 'ஆபா' என்று பெயர். 2022 அக்டோபரில் டெல்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவமனையில் தொடங்கி, இந்த ஆபாவை வைத்து கியூஆர் கட்டத்தைப் படம் பிடித்தால் வெளிநோயாளி டோக்கன் உடனே வரும் என்ற ஏற்பாடு பல ஆஸ்பத்திரிகளுக்குப் பரவியிருக்கிறது. கட்டாயம் இல்லை என்றுதான் விதி சொல்கிறது. போன மாதம் ஒரு அரசு மருத்துவமனைக்குப் போயிருந்தேன். கியூஆர் ஒட்டியிருந்த ஜன்னலில் மூன்று பேர். ஓபி சீட்டு எழுதிக் கொடுக்கும் ஜன்னலில் வரிசை மரத்தடி வரை நீண்டிருந்தது. அந்த இரண்டாவது ஜன்னலில் அன்று ஒரே ஒரு ஊழியர்தான் இருந்தார்.