எம்.ஏ. எகனாமிக்ஸ்: எங்கே, ஏன்? ஒரு சின்ன வரலாறு

"எகனாமிக்ஸ்ல மாஸ்டர்ஸ் பண்ணப் போறேன்" என்று பிள்ளை சொன்னால், தில்லியோ மும்பையோ, நம் வீடுகளில் வரும் முதல் கேள்வி, "எந்தக் காலேஜ் நம்பர் ஒன்?" என்பதுதான். இன்ஜினியரிங் கவுன்சலிங் நமக்குக் கொடுத்த பழக்கம் அது. :-)

எகனாமிக்ஸில் அந்தக் கேள்வி அவ்வளவாக உதவாது. ஒரே பட்டத்தின் பெயரில் நாலைந்து வேறு வேறு படிப்புகள் இங்கே இருக்கின்றன. ஒவ்வொரு நிறுவனமும் ஒரு காலகட்டத்தில் ஒரு கேள்விக்கு விடை தேடப் பிறந்தது. அந்தக் கதை தெரிந்தால் நம் பிள்ளைக்கு எது பொருந்தும் என்பது பாதி புரிந்துவிடும்.

கொல்கத்தாவில் 1909-லேயே பொருளாதாரத்துக்கு மிண்டோ பேராசிரியர் பதவி உருவானது. மும்பைப் பல்கலைக்கழகத்தில் 1921-ல் பொருளாதாரத் துறை வந்தது. நம் சென்னைக்கு 1915-ல் கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர் பேராசிரியராக வந்தார். அவர் மாணவர்களிடம், "உங்கள் கிராமங்களுக்குப் போய் யாரிடம் எவ்வளவு நிலம், கூலி என்ன, கடன் எவ்வளவு என்று எழுதி வாருங்கள்" என்றார். தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, திருநெல்வேலி கங்கைகொண்டான், வடார்க்காட்டு தூசி போன்ற ஊர்களின் கணக்கு 1918-ல் புத்தகமாகவே வந்தது. 1930களில் பி.ஜே. தாமஸ் அதே ஊர்களை மறுபடி ஆராய வைத்தார். இருவேல்பட்டுக்கு இந்த நூற்றாண்டிலும் ஆய்வாளர்கள் போயிருக்கிறார்கள். ஒரே கிராமத்தை ஏறக்குறைய நூறு வருடம் தொடர்ந்து பார்ப்பது சாதாரண விஷயமா?

வெளிநாடு போனவர்களில் இருவரைச் சொல்ல வேண்டும். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் செலிக்மன் என்ற பேராசிரியரிடம் படித்தார் அம்பேத்கர்; 1915-ல் எம்.ஏ. முடித்தார். பிறகு அதே செலிக்மனிடம் படித்தவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா. மும்பையில் ஆடிட்டராகத் தொழில் செய்தவர், முப்பத்தைந்து வயதுக்கு மேல் அமெரிக்கா போய்ப் பொது நிதி படித்தார். திரும்பி வந்ததும் ஒருவர் ரூபாயின் பிரச்சினையை ஆராய்ந்து, தொழில்மயமே விடுதலை என்றார். மற்றவர் காந்தியிடம் போய்க் கிராமப் பொருளாதாரம் பேசினார். ஆசிரியர் ஒருவர்தான், வழிகள் இரண்டு. பட்டம் கருவியைத்தான் தரும், கேள்வியைப் படிப்பவர்தான் கொண்டுவர வேண்டும்.

1930-ல் புனேயில் கோகலே நிறுவனம் தொடங்கியது. இந்திய ஊழியர் சங்கத்தின் பின்னணி, டி.ஆர். காட்கிலின் தலைமை. ஊருக்குள் இறங்கித் தகவல் சேகரிப்பதுதான் அதன் பலம். அடுத்த வருடம், 1931-ல், கொல்கத்தாவில் மகலனோபிஸ் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கினார். அவருடைய கேள்வி வேறு: எல்லோரையும் கேட்காமல், சிலரை மட்டும் கேட்டு முழு நாட்டின் நிலையை எப்படி அறிவது? 1956-ல் தொடங்கிய இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் மாதிரி அவருடையது. 1959 சட்டத்தால் அந்த நிறுவனத்துக்குப் பட்டம் தரும் உரிமை கிடைத்தது. அங்கே எகனாமிக்ஸ் என்பது முக்கால்வாசி கணக்கு. நுழைவுத் தேர்விலேயே அது தெரிந்துவிடும்.

1949-ல் வந்தது தில்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ். நிறுவியவர் வி.கே.ஆர்.வி. ராவ், பிறந்த ஊர் காஞ்சிபுரம்! நாட்டின் வருமானம் எவ்வளவு என்று கணக்குப் போட்டதற்காகப் பெயர் பெற்றவர். சுதந்திர நாட்டுக்குத் திட்டமிடத் தெரிந்தவர்கள் வேண்டும், அதற்கு லண்டனுக்கு நிகரான பள்ளி இங்கேயே வேண்டும் என்பது அவர் ஆசை. கே.என். ராஜ், அமர்த்யா சென், பகவதி, மன்மோகன் சிங் எல்லோரும் அங்கே பாடம் நடத்தியவர்கள். உலகப் பாடத்திட்டத்தோடு ஒட்டிய கோட்பாடு அங்கே பிரதானம். வெளிநாட்டில் பிஎச்.டி. நினைப்பவர்கள் அங்கேயும் புள்ளியியல் நிறுவனத்திலும் கண் வைப்பது இதனால்தான்.

ஜே.என்.யு. 1969-ல் பிறந்தது. அதன் பொருளாதார மையத்தைக் கட்டியவர் கிருஷ்ணா பரத்வாஜ். ரிக்கார்டோ, மார்க்ஸ், கீன்ஸ் ஆகியோரை மூலத்தில் படித்து, யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்று கேட்கும் மரபு அது.

பிறகு காலம் மாறியது. 1987-ல் ரிசர்வ் வங்கி மும்பை கோரேகாவில் இந்திரா காந்தி ஆராய்ச்சி நிறுவனத்தை அமைத்தது. 1991 நெருக்கடிக்குப் பின் வரிச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை தாங்கிய ராஜா செல்லையா, 1993-ல் சென்னையில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸைத் தொடங்கினார். இவை சந்தை, நிதி, கொள்கை ஆகியவற்றுக்கான நடைமுறைப் பொருளாதாரம் பக்கம் சாய்ந்தவை.

சரி, விஷயத்துக்கு வருவோம். பிள்ளையிடம் கேட்க வேண்டிய கேள்வி, "உனக்கு எது தூக்கத்தைக் கெடுக்கிறது?" என்பது. நிரூபணங்களில் சந்தோஷப்படும் பையனை அரசியல் பொருளாதாரத்தில் தள்ளினால் அவன் சலித்துப் போவான். கிராமத்துக் கூலி ஏன் உயரவில்லை என்று கேட்கும் பெண்ணை, பேர் பெற்ற இடம் என்பதற்காக மட்டும் வெறும் கணக்கில் உட்கார வைத்தால், நல்ல கேள்வி ஒன்று இரண்டு வருடத்தில் செத்துப்போகும். அது மார்க் ஷீட்டில் தெரியாது.

இன்னொன்று. இந்த முடிவின் பாதி பதினைந்து வயதிலேயே எடுக்கப்படுகிறது. சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்பில் காமர்ஸ் எடுக்கும் பிள்ளைகள், மார்க் குறையும் என்று பயந்து கணக்கை விட்டுவிட்டு வேறு பாடம் எடுத்துக்கொள்கிறார்கள். அன்று யாரும் பெரிதாக நினைப்பதில்லை. ஆறு வருடம் கழித்துத்தான் சில கதவுகள் மூடியிருப்பது தெரியும். பி.காம். படித்தவர்கள் எம்.ஏ. எகனாமிக்ஸ் போவது நடக்கிற காரியம்தான். ஆனால் நுண்கணிதமும் புள்ளியியலும் கையில் இருக்க வேண்டும். காமர்ஸ் படித்த நான் இதை அழுத்திச் சொல்கிறேன்: பேலன்ஸ் ஷீட் வாசிப்பது வேறு, எகனாமெட்ரிக்ஸ் வேறு.

வேலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வங்கி அதிகாரி ஆவதற்கு எம்.ஏ. தேவையில்லை, ஏதாவது ஒரு பட்டம் போதும். ஆனால் 1961-ல் உருவான இந்தியப் பொருளாதாரப் பணிக்கு எகனாமிக்ஸிலோ அதன் கிளைகளிலோ முதுகலை வேண்டும், எம்.காம். செல்லாது. ரிசர்வ் வங்கியின் ஆராய்ச்சித் துறை அதிகாரி வேலைக்கும் முதுகலை வேண்டும். ஆகவே வேலை எதுவென்று முதலில் பேசிவிட்டுப் பட்டத்துக்கு வாருங்கள்.

ஜே.என்.யு.வுக்கு 2022 முதலும், தில்லிப் பல்கலைக்கழகத்துக்கு 2023 முதலும் பொது நுழைவுத் தேர்வு வந்துவிட்டது. விண்ணப்பம் ஒன்று என்பதால் படிப்பும் ஒன்று என்று ஆகிவிடாது. படிவத்தில் டிக் அடிக்கும் முன், இரண்டு இடத்துப் பாடத்திட்டத்தையும் இறக்கி, பிள்ளையும் நீங்களும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். எந்தத் தாளைப் பார்த்ததும் பிள்ளையின் கண் விரிகிறது என்று கவனியுங்கள். ரேங்க் பட்டியலை அதற்கப்புறம் திறக்கலாம்.