ரோஜாப் போர்களும் ஈயச் சிப்பாய்களும்

ஓர் அங்குலத்தைச் சற்றே தாண்டும் ஈயப் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டி, மேசைமேல் குன்றும் வேலியும் ஓடையும் அமைத்து, அளவுகோலும் பகடையும் துணையாகப் பழைய போர்களை மீண்டும் நடத்திப் பார்க்கும் விளையாட்டு ஒன்று மேலைநாடுகளில் நெடுநாளாக உண்டு. எச்.ஜி.வெல்ஸ் 1913இல் இதற்கென்றே ஒரு விதிநூல் எழுதினார். அவருடைய ஆட்டத்தில் சிறு பொம்மைப் பீரங்கியிலிருந்து மரக்குண்டு பாயும். சாய்ந்த சிப்பாய் இறந்தவனாவான். நண்பர்கள் நால்வர் சேர்ந்து, பதினைந்தாம் நூற்றாண்டு இங்கிலாந்தைக் களமாகக் கொண்டு இத்தகைய ஆட்டமொன்றை இந்த விடுமுறையில் தொடங்கவிருக்கிறோம். ஆயின் மேசையில் அன்று, ஓர் அட்டைப் பலகையில்தான் அதைத் தொடங்குவதென்று முடிவு செய்திருக்கிறோம். அதற்கான காரணம் வரலாறு சார்ந்தது. அதை இங்கே சொல்லிவைக்கலாம் என்று தோன்றுகிறது.

தனியொரு போரை மட்டும் மேசையில் ஆடினால் அதற்கு நேற்றும் இல்லை, நாளையும் இல்லை. இழப்பதற்கு ஒன்றுமில்லாத தளபதி கடைசிப் பொம்மை சாயும்வரை போரிடுவான். மெய்யான தளபதி அவ்வாறு செய்வதில்லை. பின்வாங்கினால் எந்தக் கோட்டை கதவு திறக்கும், நாளை எவன் கட்சி மாறுவான் என்ற கணக்கோடுதான் அவன் களத்தில் நிற்கிறான். தமிழ் படித்தவர்க்கு இது புதிதன்று. தொல்காப்பியப் புறத்திணையில் பகைநாட்டின்மேல் செல்வது வஞ்சி. அரணை முற்றுவதும் காப்பதும் உழிஞை. நேருக்கு நேர் பொருவது தும்பை. மேசையில் நிகழ்வது தும்பை மட்டுமே. வஞ்சியும் உழிஞையும் இல்லாமல் தும்பையைப் புரிந்துகொள்ள முயல்வது, கதையின் கடைசி அத்தியாயத்தை மட்டும் படிப்பதற்கு ஒப்பானது.

நாங்கள் தேர்ந்தது 'கிங்மேக்கர்' என்னும் பலகை விளையாட்டு. ஆண்ட்ரூ மெக்நீல் வடிவமைத்து 1974இல் வெளிவந்தது; 2023இல் கிப்சன்ஸ் நிறுவனம் புதுப்பதிப்பு கொண்டுவந்தது. களம், 1455இல் செயின்ட் ஆல்பன்ஸ் தெருக்களில் தொடங்கி 1487இல் ஸ்டோக் வரை நீண்ட ரோஜாப் போர்கள். (பெயரென்னவோ பிற்காலத்தது, அது பரவியதில் வால்டர் ஸ்காட்டின் 1829ஆம் ஆண்டு நாவலொன்றுக்குப் பங்குண்டு.) மூன்றாம் எட்வர்டின் வழிவந்த லங்காஸ்டர், யார்க் என்னும் இரு கிளைகள் முடிக்காக மோதின. இந்த ஆட்டத்தில் ஆடுபவர் அரசர் அல்லர். தம் கையிலுள்ள பிரபுக்களைக்கொண்டு அரச வாரிசுகளைக் கைப்பற்றி, இறுதியில் எஞ்சும் மன்னனைத் தம் பிடியில் வைத்திருப்பவர். வடக்கெல்லையில் ஸ்காட்டியர் ஊடுருவினால் அப்பகுதிக்குப் பொறுப்பான பிரபு, எந்த முற்றுகையில் இருந்தாலும், அதை விட்டுவிட்டு ஓட வேண்டும். கொள்ளைநோய் ஒரு நகரத்தில் புகுந்தால் அங்கே ஒளித்துவைத்த வாரிசும் போவான். அக்காலத்து அரசியல் இவ்வாறுதான் இருந்தது என்பது நம் கருத்து.

எடுத்துக்காட்டாக ஸ்டான்லியைப் பார்ப்போம். 1459 செப்டம்பரில் பிளோர் ஹீத் களத்திற்குச் சில மைல் தொலைவில் தாமஸ் ஸ்டான்லி ஏறத்தாழ இரண்டாயிரம் பேரோடு நின்றார். அரசி தரப்பு அழைத்தும் களத்துக்கு வரவில்லை. தம்பி வில்லியமோ எதிர்த்தரப்பில் இருந்தார். இருபத்தாறு ஆண்டுகள் கழித்து, 1485 ஆகஸ்ட் 22 அன்று பாஸ்வொர்த்தில் அதே நாடகம். ஹென்றி டியூடர் வேல்ஸ் கரையில் இறங்கிப் பதினைந்தே நாள் ஆகியிருந்தது. ஸ்டான்லி அவருடைய தாயின் கணவர். ஆனால் ஸ்டான்லியின் மூத்த மகன் மூன்றாம் ரிச்சர்டிடம் பிணையாக இருந்தான். தாமஸ் அசையவில்லை. ரிச்சர்ட் நேரே ஹென்றியை நோக்கிப் பாய்ந்தபோது வில்லியமின் படை பக்கவாட்டில் புகுந்தது; மன்னர் மடிந்தார். தாமஸ் டார்பி பிரபுவானார். அரசனை உருவாக்கிய வில்லியமோ 1495இல் அதே அரசனின் ஆணையால் தலை வெட்டப்பட்டார்.

மேசையில் மட்டும் ஆடினால் இந்த ஸ்டான்லியை என்ன செய்வது? 'பகடையில் ஆறு விழுந்தால் கட்சி மாறுவார்' என்று விதியெழுதுவோர் உண்டு. அது மனிதனைக் காற்றாடி ஆக்கிவிடுகிறது. அவர் தயங்கியது பகடையால் அன்று. மகன், மனைவி, மனைவியின் மகன், லங்காஷயர் நிலங்கள் எல்லாவற்றையும் எடைபோட்டதால். பலகையில் நால்வர் ஆடும்போது, இருவர் மோதும் களத்தருகே மூன்றாமவரின் படை சும்மா நிற்கும். அவர் எப்போது, யார் பக்கம் இறங்குவார் என்பதற்கு விதி தேவையில்லை. 1461 மார்ச் 29 அன்று டவுட்டனில், பனிப்புயலுக்கிடையே நார்ஃபோக் பிரபுவின் படை பிந்தி வந்து யார்க் தரப்பைக் கரையேற்றியதும் இத்தகையதே: போரின் முடிவு போருக்கு வெளியே, ஒரு சாலையில் இருந்தது.

நடைமுறை எளிது. ஆட்டத்தில் சண்டையை முடிக்கச் சீட்டெடுப்பார்கள். அதற்குப் பதில் நாங்கள் மேசைக்குப் போகிறோம். பிரபுவின் அட்டையில் படைவலு எண்ணாகக் குறிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு பத்துக்கும் இரண்டு பொம்மை, ஒருவன் வில்லாளி, ஒருவன் ஈட்டிக்கோடரி ஏந்தியவன். நாற்பது பொம்மை கொண்ட ஒரு பெட்டி தொடக்கத்துக்குப் போதும். பலவீனமானவர் கோட்டைக்குள் புகுந்துகொண்டால் மேசைக்கு வேலையே இல்லை. அதையும் மாற்றாமல் விட்டிருக்கிறோம். களத்தில் பிரபு விழுந்தால் பலகையிலும் அவர் இல்லை. ஆகவே தப்பியோட ஒரு குதிரையை ஒவ்வொருவருக்கும் முன்கூட்டியே ஒதுக்கியாயிற்று. 1471இல் பார்னெட்டின் மூடுபனியில் வாரிக் பிரபு தம் குதிரையை எட்ட முடியாமல் கொல்லப்பட்டார் என்பது நினைவிருக்கும்.

பிரபுக்களின் கொடிகளுக்கு வண்ணம் தீட்டும் வேலை இன்னும் மிச்சம். ஸ்டான்லியின் அட்டை யார் கைக்கு வரும் என்பது சீட்டுக் கலைத்த பிறகே தெரியும். அதுவரை நால்வரும் ஒருவரோடொருவர் மிகுந்த மரியாதையாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்.