பதின்மூன்று தாள்களும் ஓர் இரவும்

பொறியியலாளர்களுக்குத் தம் கருத்தை எடுத்துரைக்கத் தெரியாது என்பது இன்று ஏறத்தாழ ஒரு பழமொழியாகிவிட்டது. அவர்களுக்கென நடத்தப்படும் பேச்சுத்திறன் வகுப்புகளில் அடிக்கடி சுட்டப்படும் சான்று, 1986 ஜனவரி 28 அன்று ஏவப்பட்ட 73ஆம் வினாடியில் சிதறி எழுவரைப் பலிகொண்ட சேலஞ்சர் விண்ணோடம். அந்த வரலாற்றைச் சற்று நெருங்கிப் பார்ப்போமானால், பழமொழி அவ்வளவு உறுதியாக நிற்பதாக நமக்குத் தோன்றவில்லை.

விண்ணோடத்தைத் தூக்கிச் செல்லும் திண்ம எரிபொருள் ராக்கெட்டுகள் யூட்டா மாநிலத்தில் மார்ட்டன் தயோக்கல் நிறுவனத்தாரால் பகுதி பகுதியாகச் செய்யப்பட்டு, பின்னர் இணைக்கப்பட்டவை. இணைப்புகளில் கனல்வாயு கசியாமல் காப்பவை ரப்பர் வளையங்கள். குளிரில் ரப்பர் விறைத்துவிடும். இடைவெளியை உடனே அடைக்காது. அந்நிறுவனப் பொறியியலாளர் ரோஜர் போஜலே 1985 ஜூலை 31 அன்று துணைத்தலைவர் ராபர்ட் லண்டுக்கு ஒரு குறிப்பு எழுதினார். இணைப்புச் சிக்கலைத் தீர்க்க உடனே ஒரு குழுவை அமர்த்தாவிடில் மனித உயிர்கள் பலியாகலாம் என்று அதில் ஒளிவுமறைவின்றிக் கூறினார். அலுவலக மொழிக்கே உரிய வழவழப்பு அதில் இல்லை. அக்டோபரில் அவருடைய சக ஊழியர் பாப் எபிலிங், உதவி கோரும் ஒற்றைச் சொல்லோடே தம் அறிக்கையைத் தொடங்கினார். இதனினும் தெளிவாக எழுதுவது எங்ஙனம்?

ஆயின் ஜனவரி 27 இரவின் கதை வேறு. கடுங்குளிர் வருமென்ற முன்னறிவிப்பைக் கண்டு, யூட்டா, அலபாமா, ஃபுளோரிடா ஆகிய மூன்று இடத்தாரும் தொலைபேசியில் கூடினர். பொறியியலாளர்கள் அவசரமாகத் தொகுத்த 13 தாள்கள் தொலைநகலில் சென்றன. 53 பாகை ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே ஏவலாகாது என்பது அவர்கள் முடிவு. ஆனால் வெப்பநிலையும் வளையச் சேதமும் ஒரே தாளில் அருகருகே வைக்கப்படவில்லை. 75 பாகையில் நேர்ந்த கசிவு ஒன்றும் இடையில் கிடந்தது. கேட்டவர்கள் அதைப் பற்றிக்கொண்டனர். எண்ணால் நிறுவுக என்றபோது போஜலேயால் இயலவில்லை. போக்கு நல்லதிலிருந்து விலகிச் செல்கிறது என்று மட்டுமே சொல்ல முடிந்தது.

பின்னர் விசாரணைக் குழு எல்லாப் பயணங்களையும் ஒருங்கே வைத்துப் பார்த்தது. 66 பாகையும் அதற்கு மேலுமான 20 பயணங்களில் மூன்றில் மட்டுமே சேதம். 65க்குக் கீழான நான்கிலும் சேதம். இத்தகைய ஒரு வரைபடம் அன்றிரவு இருந்திருந்தால் போதும் என்று எட்வர்ட் டஃப்டி 1997இல் எழுதினார். தேவையான தரவுகள் அப்போது தம்மிடம் இல்லை என்று போஜலேயும் பிறரும் 2002இல் மறுத்தனர். டஃப்டி கூறுவதில் பாதி உண்மை உண்டென்றே நாம் கருதுகிறோம். மறுபாதி, கேட்டவர்கள் பக்கம் இருக்கிறது. பாதுகாப்பானது என்று நிறுவிய பின்னரே ஏவுவது வழக்கம். அன்றோ, ஆபத்தானது என்று நிறுவும் சுமை பொறியியலாளர் தலையில் ஏற்றப்பட்டது. (விடியும்வரை வரைபடம் தீட்டியிருந்தாலும் இச்சுமை இறங்கியிராது.)

ஐந்து நிமிடம் கேட்டுத் தனித்துப் பேசத் தொடங்கிய யூட்டா அணியினர் அரைமணி நேரம் பேசினர். ஆர்னி தாம்ப்சன் இணைப்பை வரைந்து காட்டினார். போஜலே கரி படிந்த வளையங்களின் புகைப்படங்களை மேலாளர்முன் வைத்தார். பயனில்லை. பொறியியலாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேலாளர் தொப்பியை அணியுமாறு மூத்த அதிகாரி ஒருவர் லண்டிடம் சொன்னார். ஜூலைக் குறிப்பு யாருக்கு எழுதப்பட்டதோ, அதே லண்ட்! அவர் இசைந்தார். மீண்டும் இணைப்புக்கு வந்தபோது, மாற்றுக் கருத்துடையோர் உண்டா என்று கேட்கப்பட்டது. மூன்று இடங்களிலும் எவரும் வாய்திறக்கவில்லை.