கம்மாலைத் துவக்கும் ஊவாவின் வர்க்க வரலாறும்

துவக்கைத் தனிமனித வீரத்தின் சின்னமாகக் காண்பது நம்மிடையே வேரூன்றிய நோக்கு. ஆயின் துவக்கு முதலில் ஓர் உற்பத்திப் பொருள். அதனை ஆக்கிய சமூக உழைப்பின் வரம்புகளே அதன் வரம்புகளுமாகும். ஊவாவின் வரலாறு இதற்குச் சான்று.

1817–18ஆம் ஆண்டுகளின் ஊவாக் கிளர்ச்சியாளர் கையில் கண்டிக் கொல்லர் ஆக்கிய துவக்குகள் இருந்தன. விசைப்பொறி இடப்புறம் அமைந்திருப்பது அவற்றின் தனித்தன்மை. மருந்தும் குண்டும் குழல்வாய்வழி இடப்பட்டன. வெடிமருந்தும் உள்நாட்டிலேயே ஆக்கப்பட்டது. கம்மாலை தன் படைக்கலத்தை முழுமையாக ஆண்ட காலம் அது. பிரவுன்றிக்கின் ஆட்சி ஊர்களை எரித்தும் பயிர்களை அழித்தும் கிளர்ச்சியை ஒடுக்கிற்று. 1818 நவம்பரில் கெப்பெட்டிப்பொல சிரச்சேதம் செய்யப்பட்டான். பின்னர் கோப்பியும் தேயிலையும் மலைகளை மூடின. தோட்டத்து உலைக்களம் கவ்வாத்துக் கத்திக்கும் மண்வெட்டிக்கும் உரியதாயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றிய தன்னியக்கக் கைத்துவக்கு வேறொரு உற்பத்தி முறையின் விளைவு. ஒரு ரவை வெடித்த விசையே வெற்றுக்கூட்டை வெளித்தள்ளி, அடுத்த ரவையைக் குழலறைக்குள் செலுத்த வழிசெய்கிறது. ரவை, வில், ரவைக்கூடு ஆகிய மூன்றும் ஒத்த அளவினவாயின் மட்டுமே இவ்வோட்டம் தடைப்படாது. அவ்வொருமை பேராலைக்குரியது, தனிக் கைவினைஞனின் திறமை அதனை ஈடுசெய்வது அரிது. 'கல்கட்டாஸ்' என வழங்கும் உள்ளூர்க் கைத்துவக்கு பெரும்பாலும் ஒற்றை ரவையோடு நின்றமைக்கும், அந்த ரவைக்கு ஆலையையே நம்பியமைக்கும் காரணம் இதுவே.

1971 ஏப்ரல் 5ஆம் திகதி, குறித்த நேரத்துக்கு முன்னரே, ஊவாவின் வெல்லவாயப் பொலிஸ் நிலையம் தாக்கப்பட்டது. வேட்டைத் துவக்குகளும் கையாற் செய்த குண்டுகளுமே கிளர்ச்சியாளரின் முதன்மைப் படைக்கலங்கள். அவற்றின் குறைபாடே தோல்விக்குக் காரணமெனக் கூறுவது எளிது. ஆயின் அதனினும் பெரிய குறை அரசியலில் இருந்தது. மக்கள் விடுதலை முன்னணியின் ஐந்து வகுப்புகளுள் ஒன்று 'இந்திய விஸ்தரிப்புவாதம்' பற்றியது. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளியை அது தோழனாகவன்றி, அந்நிய ஆதிக்கத்தின் கருவியாகவே காட்டிற்று.

அதே ஊவாவில், 1940இல், பதுளையின் வேவஸ்ஸ தோட்டத் தொழிலாளர் துவக்கின்றி வேலைநிறுத்தம் செய்து, தாம் தெரிந்தெடுத்த சபையைத் தோட்டத்துரை ஏற்கச் செய்தனர். அவர்களின் வலிமை கூட்டுழைப்பிலிருந்து பிறந்தது. 1971இல் அறுந்துகிடந்த தொடர்பு ரவைக்கும் குழலுக்கும் இடையிலானதன்று. கிராமத்துக்கும் லயத்துக்கும் இடையிலானது. அதனை எந்தக் கம்மாலையும் செப்பனிட்டிருக்க முடியாது.