பீம்: ஒரு சொல்லின் வரலாறு

எடப்பாடியிலும் அதனைச் சூழ்ந்த ஜலகண்டாபுரம், தாரமங்கலம் முதலிய ஊர்களிலும் ஓயாமல் ஒலிக்கும் ஆங்கிலச் சொல் ஒன்று உண்டு. அது 'பீம்'. பள்ளிக்கூடம் சென்று ஆங்கிலம் கற்றவர்களைக் காட்டிலும் தறியில் நிற்பவர்களே அதனை மிகுதியாக ஆளுகின்றனர். பாவு நூல் சுற்றப்பட்ட பெரிய உருளைக்கு அவர்கள் இட்ட பெயர் அது. கட்டடக் கொத்தனாருக்கோ பீம் என்பது கம்பி கட்டிச் சிமெண்டு வார்த்த உத்திரம். இரு சாராரும் அடுத்தடுத்த வீட்டில் வாழ்ந்தாலும், ஒருவர் பீம் மற்றவருக்குப் பயன்படாது.

இச்சொல் இங்கு வந்த வழியைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். கைத்தறிக் காலத்தில், நெய்த துணி சுற்றிக்கொள்ளும் கட்டைக்குப் படைமரம் என்னும் அழகிய பெயர் இருந்தது. பாவைத் தெருவிலே நீளமாக நீட்டி, கஞ்சி தோய்த்து, பாவாற்றியால் நீவிக் காயவிடுவர். நெசவாளர் வாழும் ஊர்களில் அதற்கென ஒதுக்கப்பட்ட வெளியிடமே பாவடி. மழை வந்தால் அன்றைய பாவு நின்றது. பிறகு 1934இல் மேட்டூர் அணை எழுந்தது. 1937இல் அங்கு நீர்மின் உற்பத்தி தொடங்கியது. மின்சாரம் பரவியபின், காலப்போக்கில் விசைத்தறிகளும் பெருகின. தெருவில் நடந்த வேலை சைசிங் ஆலைக்குள் சென்றது. நூற்றுக்கணக்கான நூற்கண்டுகளிலிருந்து இழைகள் இழுக்கப்பட்டு, கஞ்சி ஏற்றப்பட்டு, சூடான உருளைகளில் உலர்ந்து, பீமில் சுற்றப்பட்டு வெளிவருகின்றன. பாவடி என்னும் சொல் தெருப்பெயராக எஞ்சியது. பீம் என்னும் சொல் வாழ்வுப் பொருளாயிற்று.

வாழ்வுப் பொருள் என்று நாம் கூறுவது மிகையன்று. பீமையும் ஊடை நூலையும் வியாபாரி கொடுக்க, தறி வைத்திருப்பவர் கூலிக்கு நெய்து தருவது இப்பகுதியில் பரவலான வழக்கம். தறி ஓட்டும் தொழிலாளிக்கோ பெரும்பாலும் நெய்த அளவுக்கே கூலி. ஆகவே பீம் தீர்ந்து அடுத்த பீம் வராவிட்டால் தறி நிற்கும். தறி நின்றால் அடுப்பும் யோசிக்கும். வந்த பீமையும் உடனே ஓட்டிவிட முடியாது. பழைய பாவின் ஆயிரக்கணக்கான இழை நுனிகளோடு புதியதன் நுனிகளை ஒவ்வொன்றாகப் பிணைத்தாக வேண்டும். அந்த இடைவேளையில் தறிகாரருக்கு வருமானமில்லை. போதாதற்கு, முன்பணமாகப் பெற்ற 'பாக்கி' அவரை ஒரே முதலாளியின் கூடத்தோடு பிணைத்துவிடுகிறது. குமாரபாளையத்தில் இப்பாக்கி முறையை நேரில் ஆராய்ந்த கீர்ட் டி நேவ் என்னும் மானிடவியலாளர் 1999இல் விரிவாக எழுதியுள்ளார். 'பீம் வந்ததா?' என்று தறிகாரர் கேட்கையில் அவர் வெறும் உருளையைப் பற்றிக் கேட்கவில்லை. ஆங்கில அகராதிகள் இப்பொருளைத் தரப்போவதில்லை. எடப்பாடியில் இதுவே முதற்பொருள்.

ஆங்கிலத்திலோ இச்சொல்லின் முதற்பொருள் 'மரம்' என்பதாம். வெட்டிய மரமன்று, வேரூன்றி நிற்கும் மரம். ஜெர்மானியர் இன்றும் மரத்தைப் 'பவும்' என்கின்றனர். டச்சுக்காரர் 'போம்' என்கின்றனர். ஆங்கிலத்தில் இப்பழம்பொருள் 'ஹார்ன்பீம்' போன்ற சில மரப்பெயர்களில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மரம் வெட்டப்பட்டு வீட்டின் உத்திரமாயிற்று, தறியின் கட்டையாயிற்று, தராசின் கோலாயிற்று, கப்பலின் குறுக்குச் சட்டமாகி, அதனால் கப்பலின் அகலத்தையே குறிக்கலாயிற்று. இவையெல்லாம் எளிதில் விளங்குபவை.

ஆனால் அதே சொல் ஒளிக்கதிரையும் குறிப்பதெப்படி? இங்கே விவிலியம் குறுக்கிடுகிறது. விடுதலைப் பயண நூலில் இஸ்ரயேலரை வழிநடத்திய மேகத் தூணையும் நெருப்புத் தூணையும் பழைய ஆங்கிலக் கவிஞர் ஒருவர் இரண்டு 'பீம்'களாகவே பாடினார். நெருப்புத் தூணாக நின்ற மரம் மெல்ல ஒளித்தூணாகி, ஒளிக்கதிராகியிருக்கக்கூடும் என்பது சொல்லாராய்ச்சியாளர் கருத்து. நமக்கு இன்னும் நெருக்கமான சான்று ஒன்றும் உண்டு. ஆண்டவர் மரித்த சிலுவையையும் பழைய ஆங்கிலத்தார் இச்சொல்லால் அழைத்தனர். 'சிலுவைக் கனவு' எனப்படும் பழம் பாடலில், காட்டோரத்தில் வெட்டப்பட்ட மரமே தன் கதையைக் கூறுகிறது; அது ஒளிவீசும் 'பீம்' என்றே போற்றப்படுகிறது. இத்தாலியின் வெர்செல்லி நகரப் பேராலய நூலகத்தில் 10ஆம் நூற்றாண்டுக் கைப்படியாக அப்பாடல் காக்கப்படுகிறது. அதன் சில அடிகள் ஸ்காட்லாந்தின் ரூத்வெல் கற்சிலுவையிலும் பொறிக்கப்பட்டுள்ளன. அக்கற்சிலுவை 17ஆம் நூற்றாண்டில் உடைக்கப்பட்டு, 19ஆம் நூற்றாண்டில் மீண்டும் நிறுத்தப்பட்டது. மரமும் ஒளியும் ஒரே சொல்லில் சந்தித்த இடம் இதுவாகலாம்.

விவிலியத்தை ஆங்கிலத்தில் படிப்போர் இச்சொல்லை மேலும் இரு முக்கியமான இடங்களில் காண்பர். கத்தோலிக்கரின் பழைய தூவே மொழிபெயர்ப்பிலும் 1611இன் அரசர் மொழிபெயர்ப்பிலும், மத்தேயு 7ஆம் அதிகாரத்தில் கண்ணில் இருப்பதும் 'பீம்'. 1 சாமுவேல் 17இல் கோலியாத்தின் ஈட்டிக்காம்புக்கு ஒப்பிடப்படுவதும் நெசவாளரின் 'பீம்'. தமிழர் இவற்றைக் கலக்கவில்லை. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் கண்ணில் இருப்பது உத்திரம். கோலியாத்துக்கு உரியது படைமரம். மூலத்திலும் இவை வேறு வேறே. மத்தேயுவின் கிரேக்கச் சொல் கூரை தாங்கும் 'டோகோஸ்'. சாமுவேல் நூலின் எபிரேயச் சொல் 'மனோர்'.

இந்த 'மனோர்' உண்மையில் படைமரந்தானா என்பதே வினா. இஸ்ரயேலின் அகழ்வாய்வாளர் யிகாயேல் யாதின், அது தறியின் விழுதுக்கோல் என்று வாதிட்டார். பாவு இழைகளை வளையங்களில் ஏந்தித் தூக்கும் கோல் அது. ஈட்டிக்காம்பிலும் அதுபோல் கயிற்று வளையம் கட்டப்பட்டிருந்தது. வீசுகையில் ஈட்டி சுழன்று நெடுந்தொலைவு செல்ல அது உதவியது. ஒப்புமை பருமனுக்கன்று, வளையத்துக்கே என்பது அவர் விளக்கம். வியப்பென்னவெனில், நான்காம் நூற்றாண்டு இறுதியிலேயே புனித ஜெரோம் அவ்விடத்தில் 'லிச்சியத்தோரியும்' என்னும் இலத்தீன் சொல்லை இட்டார். 'லிச்சியா' என்பன விழுது நூல்களே! ஆங்கிலத்தார் அதனைப் பீம் ஆக்கியதால், பருத்த கட்டை ஒன்றே நம் மனக்கண்ணில் நின்றுவிட்டது. இவ்வழக்கைத் தீர்க்க எபிரேயம் அறிந்தோரோடு எடப்பாடித் தறிகாரர் ஒருவரையும் உட்கார வைத்தால் நன்று என்று நமக்குத் தோன்றுகிறது. விழுதையும் பீமையும் அவர் இருட்டிலும் பிரித்தறிவார்.

ஆங்கிலேயரின் சொல் மட்டுமே இவ்வாறு அலைந்தது என எண்ணவேண்டா. நமது 'தறி' என்பதும் முதலில் நட்ட கம்பமே. யானையைக் கட்டும் தூண் கட்டுத்தறி; துணி நெய்யும் கருவியும் தறி. 'துலாம்' என்னும் சொல்லும் தராசுக்கோலையும் வீட்டின் குறுக்குவிட்டத்தையும் ஒருசேரக் குறிக்கிறது. இரு நாட்டிலும் மரக்கட்டையைக் குறிக்கும் சொற்கள் தறியோடும் தராசோடும் தொடர்புற்றுள்ளன. அவர்களுடைய மரம் ஒளியாகவும் ஆயிற்று. நமது தறி அவ்வழியே செல்லவில்லை. மின்விசையோடு சேர்ந்து விசைத்தறியாகி, அவர்களுடைய பீமைத் தன் பின்புறத்தில் தாங்கி, இன்றும் எடப்பாடியில் இரவு முழுதும் ஓடுகிறது.