திரையரங்குகளில் வெளி உணவுத் தடை

வெளி உணவுத் தடை என்பது, கட்டணம் செலுத்தி நுழையும் திரையரங்கு, விளையாட்டரங்கு முதலிய இடங்களுக்குள் பார்வையாளர்கள் தாம் கொண்டுவரும் தின்பண்டங்களையும் குடிநீரையும் எடுத்துச்செல்லக் கூடாது என உரிமையாளர் விதிக்கும் கட்டுப்பாடாகும். தமிழ்நாட்டில் இது பெரும்பாலும் திரையரங்குகளையொட்டியே பேசப்படுகிறது.

தமிழகத்தில் திரைப்படம் பரவிய காலத்தில் இத்தகைய தடைக்கு இடமிருக்கவில்லை. 1905-ல் சாமிக்கண்ணு வின்சென்ட் ஊர் ஊராகக் கொண்டுசென்ற கூடாரக் காட்சிகளின் வழிவந்த டூரிங் டாக்கீஸ்கள் பலவற்றில் ஒரே ஒரு படவீழ்த்திக் கருவியே இருந்ததால், படச்சுருளை மாற்றுவதற்காகக் காட்சியை நிறுத்த நேர்ந்து, ஒரே படத்துக்குப் பல இடைவேளைகள் அமைந்தன. மதுரையைச் சுற்றிய சமவெளிக் கிராமங்களிலும் இந்த இடைவேளைகளே முறுக்கு, கடலை மிட்டாய், சோடா, கலர் விற்போரின் வியாபார நேரமாக இருந்தன. தரை டிக்கெட் வாங்கி மணலைக் குவித்து உட்கார்ந்தவர்கள் வீட்டுப் பலகாரத்தைப் பிரித்து உண்பதை எவரும் குற்றமாகக் கருதவில்லை. 1952-ல் மதுரையில் திறக்கப்பட்டு, 2,500-க்கும் மேற்பட்ட இருக்கைகளால் புகழ்பெற்ற தங்கம் திரையரங்கைப் போன்ற நிலையான அரங்குகள் பெருகியபின், தின்பண்ட விற்பனை கேண்டீன் என்னும் தனி உரிமையாகிக் குத்தகைக்கு விடப்பட்டது. குத்தகைப் பணத்தை மீட்கவேண்டிய நிலையிலிருந்தே பார்வையாளரின் பையைச் சோதிக்கும் கெடுபிடி பிறந்தது. அமெரிக்காவிலோ, கம்பளங்கள் பாழாகும் என்று 1920-களில் சோளப்பொரியை விலக்கிய மாளிகை அரங்குகள், 1929-க்குப் பிந்தைய பொருளாதார வீழ்ச்சியில் அதே பொரியைத் தாமே விற்றுப் பிழைத்தன.

நோக்கத்தைக் கொண்டு தடையை இருவகையாகப் பிரிக்கலாம். வருவாய்த் தடை திரையரங்குகளுக்கு உரியது. பாதுகாப்புத் தடை, எறியத்தக்க புட்டிகளை விலக்குவது, விளையாட்டரங்குகளுக்கு உரியது. 1996 கிரிக்கெட் உலகக் கோப்பை அரையிறுதியில் கொல்கத்தா ஈடன் கார்டன்ஸிலும், 2015 அக்டோபரில் கட்டாக்கிலும் பார்வையாளர்கள் புட்டிகளை வீசி ஆட்டத்தைக் குலைத்தமை இவ்வகைத் தடையின் நியாயத்தை ஐயமற நிறுவுகிறது. திரையரங்குகள் பாதுகாப்பைக் காரணம் காட்டுவது பொருந்தாது. தடுக்கப்படும் அதே தண்ணீர்ப் புட்டி உள்ளே விற்கப்படுகிறது.

இலவசக் குடிநீர் வழங்காமல் தண்ணீரைத் தடுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை என்று, அகர்தலா திரையரங்கு ஒன்றின் வழக்கில் தேசிய நுகர்வோர் ஆணையம் 2015-ல் தீர்ப்பளித்தது. 2017-ல் விஷால் தலைமையிலான தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர் சங்கம், பார்வையாளர் தண்ணீர் கொண்டுவர அனுமதிக்குமாறும் பண்டங்களை அச்சிட்ட விலைக்கே விற்குமாறும் அரங்குகளைக் கேட்டுக்கொண்டது. 2018-ல் ஜம்மு காஷ்மீர் உயர் நீதிமன்றம் தடையை நீக்க ஆணையிட்டபோதும், அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட், நீதிபதி நரசிம்மா ஆகியோர் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு 2023 ஜனவரி 3 அன்று அவ்வாணையை விலக்கி, அரங்கு தனியார் சொத்தாதலால் நுழைவு விதிகளை உரிமையாளரே வகுக்கலாம் என்றது. இலவசத் தூய குடிநீரும், கைக்குழந்தைகளுக்குரிய உணவைப் பெற்றோர் கொண்டுவரும் உரிமையும் இத்தீர்ப்பில் காக்கப்பட்டன. முதியோரும் நீரிழிவு நோயாளிகளும் இவ்விதிவிலக்கில் பெயர் சொல்லிச் சேர்க்கப்படாதது பெருங்குறை.

இன்று பல்திரை அரங்குகளில் தடை பரவலாக நடைமுறையில் உள்ளது. உணவு விற்பனை பெரிய நிறுவனங்களின் வருவாயில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு.