ஒற்றியூரின் எல்லை எங்கே போனது?

எங்க ஊர் திருவெண்ணெய்நல்லூருக்கும் சென்னைக்கு வடக்கே இருக்கும் திருவொற்றியூருக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. எங்க ஊரில்தான் சிவபெருமான் ஓலை காட்டி வழக்காடி சுந்தரரை ஆட்கொண்டார். அதே சுந்தரர் திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்து, "உன்னைப் பிரியமாட்டேன்" என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்தார். பிறகு சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் கண் பார்வை போயிற்று என்கிறது பெரியபுராணம்.

இன்று அந்த எல்லையைத் தேடினால் கிடைக்காது. 2011 அக்டோபரில் திருவொற்றியூர் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டு விட்டது.

கோயில் ஊராக இருந்த இது 20ஆம் நூற்றாண்டில் தொழிற்சாலை ஊராக மாறியது. விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலை சுவீடன் நாட்டு முதலீட்டில் வந்தது. 1955ல் என்பீல்டு வந்தது. இந்திய ராணுவம் புல்லட் வண்டிகளுக்கு ஆர்டர் கொடுத்ததால், இங்கிலாந்துக் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து ஆரம்பித்தது அது. 1970 வாக்கில் இங்கிலாந்தில் உற்பத்தி நின்றுபோனது, ஒற்றியூரில் நிற்கவில்லை! நம்ம ஊர் மிராசுதார்கள் 'டப் டப்' என்று ஓட்டிய புல்லட் எல்லாம் அங்கே பிறந்தவைதான். 2013ல் ஒரகடத்தில் பெரிய ஆலை திறந்த பிறகு உற்பத்தியின் மையம் அங்கே நகர்ந்தது.

2011 இணைப்பில் 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள் சென்னைக்குள் வந்தன. பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. திருவொற்றியூரும் பக்கத்து கத்திவாக்கமும் சேர்ந்து 1ஆம் மண்டலம். தனக்கென்று நகர்மன்றமும் தலைவரும் வைத்திருந்த ஊருக்கு இப்போது 200 வார்டுகளில் சில வார்டுகள். முதல் எண் கிடைத்தது, முதல் குரல் கிடைத்ததா என்பது வேறு கேள்வி. 2016லிருந்து 2022 வரை உள்ளாட்சித் தேர்தலே நடக்காததால் கவுன்சிலர்களும் கிடையாது. (இது எங்க பேரூராட்சிக்கும் நடந்ததுதான், அதனால் இணைப்பை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.)

பின்லாந்தில் கூசன்கோஸ்கி என்று ஒரு காகித ஆலை நகரம். 2009ல் கோவோலா நகரத்தோடு சேர்த்துவிட்டார்கள். அங்கே ஆலைகளில் ஒன்று 2006லேயே மூடப்பட்டிருந்தது. ஆட்கள் குறைந்து, செலவைச் சமாளிக்கச் சேர்ந்தார்கள். ஒற்றியூர் கதை நேர் எதிர். இங்கே ஜனம் பெருகி வீடுகள் முட்டிக்கொண்டு, எது சென்னை எது ஒற்றியூர் என்றே தெரியாமல் போனது.

2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் அங்கே வரை நீண்டபோது கடைசி நிலையத்துக்கு வைத்த பெயர் விம்கோ நகர். தீப்பெட்டிக் கம்பெனியின் பெயர்!